புது வீடு... கையில் காசு கம்மி! முதல்ல எதை வாங்கணும்? காஞ்சிபுரம் தறி வீடுகள் சொல்லும் கணக்கு

பால் காய்ச்சியாச்சு. வந்த சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பியாச்சு. காலி ஹாலில் பாயை விரித்து உட்காரும்போதுதான் அந்தக் கேள்வி வரும்: மிச்சம் இருக்கும் பணத்தில் முதலில் எதை வாங்குவது? சோபாவா, டிவியா, கட்டிலா, ஜன்னலுக்கு ஸ்கிரீன் துணியா?

காஞ்சிபுரத்தின் நெசவாளர் வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பல தலைமுறைகளாக ஒரே பதில்தான். முதலில் தறிக்கு இடம், மற்றதெல்லாம் அப்புறம். பட்ஜெட்டில் புது வீட்டை அமைக்க நினைக்கும் யாருக்கும் இந்தப் பதிலில் பயன்படும் ஒரு கணக்கு இருக்கிறது. அது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

வீட்டுக்குள்ள தறியா, தறியைச் சுத்தி வீடா?

2005-06-ல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டுச் சேலைகளில் பெரும்பகுதி, பெரிய ஆலைகளில் நெய்யப்படுவதில்லை. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளிலும், அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும், சமையலறைக்கும் படுக்கைக்கும் நடுவே நிற்கும் தறிகளில்தான் அவை உருவாகின்றன.

பாரம்பரியமாகப் பயன்படுத்துவது குழித்தறி. தரையில் குழி தோண்டி, அதற்குள் காலை விட்டு, மிதிகளை மிதித்தபடி நெசவாளர் உட்காருவார். தறி தரையோடு ஒட்டி இருப்பதால் மண்ணின் ஈரப்பதம் நூலுக்குக் கிடைக்கும். நூல் அறுவது குறையும். கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலை என்றால், பக்கத்தில் துணைக்கு இன்னொருவரும் உட்கார வேண்டும். டிசைனுக்கான ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே ஏறுவதால், கூரையும் உயரமாக இருக்க வேண்டும்.

வீடு மட்டுமில்லை, தெருவும் கணக்கில் வரும். காலை வெயில் ஏறுவதற்கு முன் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுச் சீராக்கும் காட்சியை நெசவாளர் தெருக்களில் பார்க்கலாம். அதனால் வீடு பார்க்கும்போதே, வாசல் எப்படி, தெரு எவ்வளவு நேராக இருக்கிறது என்றெல்லாம் நெசவுக் குடும்பங்கள் பார்ப்பது வழக்கம்.

சுருக்கமாகச் சொன்னால், சோறு போடும் வேலைக்கு என்ன தேவையோ, அதிலிருந்து வீட்டின் அமைப்பு தொடங்குகிறது.

காஞ்சிபுரத்தில் மட்டும்தானா?

இல்லை. பிரான்ஸின் பட்டு நகரமான லியோனில், 19-ம் நூற்றாண்டில் ஜக்கார்டு தறிகள் பரவியபோது, குவா-ரூஸ் குன்றுப் பகுதியில் சுமார் 4 மீட்டர் உயரக் கூரையோடு நெசவாளர் குடியிருப்புகள் கட்டப்பட்டன. தறி உள்ளே நிற்க வேண்டும் என்பதுதான் அந்த உயரத்துக்குக் காரணம். ஜப்பானின் கியோட்டோ நகரில், நிஷிஜின் நெசவாளர்களின் பழைய வீடுகளில் பின்பக்க அறை மண் தரையும் உயர்ந்த கூரையுமாக தறிக்கென்றே ஒதுக்கப்பட்டது. மூன்று நாடுகள், மூன்று மொழிகள். ஆனால் முடிவு ஒன்றுதான்: முதலில் வேலைக்கான இடம்.

புது வீட்டில் என்ன சிக்கல்?

பழைய ஓட்டு வீட்டிலிருந்து கான்கிரீட் வீட்டுக்கு மாறும்போது இந்தக் கணக்கு இடிக்கிறது. கிராமப்புறங்களுக்காக 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லம் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், குறைந்தது 360 சதுர அடி என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்த அளவு வீட்டில் தறிக்கும், ஆள் நடமாடவும் 10-க்கு 8 அடி ஒதுக்கினால் 80 சதுர அடி போய்விடும். அதாவது, வீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். மீதியில்தான் அடுப்பு, படுக்கை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். வீடு முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டு, பிறகு தறி போட இடம் தேடினால் ஒட்டிய டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும். இரட்டைச் செலவு. குழி எங்கே என்பதை அஸ்திவாரம் போடும்போதே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டால் இந்தச் செலவு மிச்சம்.

இன்னொரு சிக்கல் மழை. வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறினால் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறும். குழி காயும்வரை வேலை நிற்கும், கூலியும் நிற்கும். எனவே தாழ்வான மனை என்றால் தரைமட்டத்தை உயர்த்துவதும், குழியின் பக்கச் சுவர்களைச் செங்கல், சிமெண்ட் வைத்துப் பூசுவதும் அலங்காரத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. அதற்கும் வழியில்லை என்றால், தரைக்கு மேல் நிற்கும் சட்டத்தறி ஒரு மாற்று.

தறி இல்லாதவங்களுக்கு இதுல என்ன இருக்கு?

தறியின் இடத்தில் உங்கள் வீட்டில் சம்பாதிக்க உதவும் பொருள் எதுவோ, அதை வைத்துப் பாருங்கள். தையல் மெஷினாக இருக்கலாம். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு மேஜையும் நாற்காலியுமாக இருக்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் படிக்கும் மூலையாக இருக்கலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு, பகலில் தூங்க இருட்டும் காற்றும் உள்ள ஓர் அறைதான் அந்த 'தறி'. அந்த இடத்தை முடிவு செய்த பிறகு, மற்ற செலவுகளைக் கீழே உள்ள வரிசையில் பார்க்கலாம்.

1. அட்வான்ஸ்: கையெழுத்துக்கு முன் பேசுங்க

வாடகை வீடு என்றால் பெரிய தொகை முடங்குவது அட்வான்ஸில்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. 'வேறு விதமாக ஒப்பந்தம்' என்ற வார்த்தை முக்கியம். அதிக தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு சட்டத்தைக் காட்டிப் பேசுவது கடினம்.

வாடகை வீட்டில் தறிக்குழி தோண்டுவது, சுவரில் துளை போட்டு அலமாரி மாட்டுவது போன்றவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் என்ற பேச்சு வராது.

2. சுவர்: அவசரப்பட்டு பெயிண்ட் அடிக்காதீங்க

புதிதாகப் பூசிய சுவருக்குள் ஈரம் இருக்கும். அது காய்வதற்குள் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் கொப்பளித்து உரியும். பூச்சு முடிந்து குறைந்தது நான்கு வாரமாவது விட வேண்டும். அதுவரை வெள்ளையடித்தாலே போதும். சுண்ணாம்பு செலவும் குறைவு, சுவர் மூச்சு விடவும் இடம் கொடுக்கும். ஈரச் சுவரை ஒட்டி பீரோவையோ பட்டுச் சேலைகளையோ வைக்கக் கூடாது. பூஞ்சை பிடித்தால் துணி போச்சு. பட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடாமல், பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே பாதுகாப்பு.

3. ஃபேன்: வாங்கும் விலை பாதிதான், கரண்ட் பில் மீதி

2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம். சாதாரண ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட்தான். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் முதலாவது 54 யூனிட்டும் இரண்டாவது சுமார் 22 யூனிட்டும் இழுக்கும். ஒரே ஃபேனில் 32 யூனிட் மிச்சம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற 2016-ம் ஆண்டு சலுகையோடு சேர்த்துப் பார்த்தால், சின்னக் குடும்பத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரம் 2023-ல் 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. வீடு மாறும் நெசவாளர்கள், புது இணைப்பில் இந்தச் சலுகை பதிவாகியிருக்கிறதா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

4. 'ஜீரோ வட்டி' இஎம்ஐ: நிஜமாவே வட்டி இல்லையா?

புது வீட்டுக்குப் போனதும் தேடி வருவது இந்த ஆஃபர்தான். ஆனால் வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலேயே ரிசர்வ் வங்கி சுட்டிக்காட்டிவிட்டது. வட்டி, பிராசஸிங் கட்டணமாகவோ, கிடைக்க வேண்டிய தள்ளுபடி கிடைக்காமல் போவதாகவோ வேறு வடிவில் வரும்.

2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன் தரும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். அதே பொருளை ரொக்கத்துக்கு வாங்கினால் என்ன விலை என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கட்டப்போகும் உண்மையான வட்டி.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால், எதற்கு வாங்குகிறோம் என்பது முக்கியம். நெசவாளர் முத்ரா திட்டத்தில் 6 சதவீத வட்டியில் தொழில் கடன் கிடைக்கிறது. தறி வாங்க, நூல் வாங்க எடுக்கும் கடன், வேலை நடந்தால் தானே அடைபடும். டிவிக்கு வாங்கிய கடனை அந்த டிவி அடைக்காது. தொழில் கடன், தறிக்கூடத்துக்கான அரசு உதவி பற்றிய விவரங்களை கூட்டுறவுச் சங்கத்திலும் கைத்தறித் துறை அலுவலகத்திலும் கேட்கலாம்.

5. அலங்காரம்: கடைசியில், ஆனா அழகா

அழகு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்குப் பெரிய செலவு தேவையில்லை என்பதுதான் விஷயம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே உள்ள வந்தவாசி, கோரைப் பாய்க்குப் பெயர் பெற்ற ஊர். ஹாலில் சோபாவுக்குப் பதில் ஒரு நல்ல கோரைப் பாயும் நான்கு திண்டும் போட்டால், பத்து பேர் வந்தாலும் உட்காரலாம். இரவில் அதே இடம் படுக்கையாகும். 1935-ல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸில் கைத்தறிப் படுக்கை விரிப்பு, ஸ்கிரீன் துணிகள் கிடைக்கும். பண்டிகைக் காலத் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து வாங்கினால் இன்னும் மிச்சம்.

பீரோவில் மடிப்பு விட்டுப்போன பழைய பட்டுச் சேலை இருக்கிறதா? ஐந்தரை மீட்டர் சேலையில், ஒன்றரை மீட்டர் நீளத்தில் மூன்று ஸ்கிரீன் துண்டுகளும், மிச்சத்தில் இரண்டு குஷன் உறைகளும் வரும். இரண்டு எச்சரிக்கைகள். நேரடி வெயில் பட்டால் பட்டு நைந்துவிடும், அதனால் பின்பக்கம் பருத்தித் துணி வைத்துத் தைக்க வேண்டும். அசல் ஜரிகையில் வெள்ளி இருப்பதால் பழைய சேலைக்கும் விலை உண்டு, எனவே கத்திரி வைப்பதற்கு முன் மதிப்பு விசாரித்துவிடுங்கள்.

30,000 ரூபாயை எப்படிப் பிரிக்கலாம்?

கையில் 30,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு மாதிரிக் கணக்கு இது:

* வேலை அல்லது படிப்புக்கான இடம்: 9,000
* அடுப்படியும் படுக்கையும்: 9,000
* ஃபேன், பல்பு: 5,000
* அலங்காரம்: 2,000
* தொடாமல் வைக்க வேண்டியது: 5,000

கடைசி 5,000-ஐ ஏன் தொடக் கூடாது? குழாய் ஒழுகுவதும், சுவிட்ச் போர்டு கோளாறும் குடிபோன பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் கையில் காசு இல்லாவிட்டால்தான் கைமாற்று, தண்டல் என்று போக வேண்டியிருக்கும்.

எப்போ வாங்கலாம்?

பெரிய பொருள் எதையும் முதல் 30 நாட்களுக்கு வாங்காமல் இருந்து பாருங்கள். மதிய வெயில் எந்த ஜன்னலில் இறங்குகிறது, எந்தச் சுவர் ஈரம் காக்கிறது, சாயங்காலம் எல்லோரும் எங்கே உட்காருகிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஹாலுக்கு சோபா வேண்டும் என்று நினைத்த குடும்பம், உண்மையில் எல்லோரும் உட்காருவது வாசல் திண்ணையில்தான் என்று அப்போது கண்டுபிடிக்கலாம். அந்தப் பணத்தில் பிள்ளைக்கு ஒரு மேஜை வாங்கிவிடலாம்.