கணினி அறையிலே ஒரு சங்கக்கடை

சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு. வேண்டிய பொருளை வீணாக்காது பயன்படுத்துவது சிக்கனம். வேண்டிய பொருளையே வாங்காது விடுவது கருமித்தனம். இவ்வேற்றுமையை வீட்டுச் செலவில் நாம் நன்கு அறிவோம். ஆயின், இணையப் பாவனை என்று வரும்போது மட்டும், சிக்கனம் என்று எண்ணிக்கொண்டு கருமித்தனத்தையே கைக்கொண்டு விடுகின்றோம்.

மாதத்துக்கு இத்தனை ஜிகாபைட் என்று அளந்து தரப்படும் இணைப்பையே நம் வீடுகள் பலவும் பாடசாலைகள் பலவும் நம்பியிருக்கின்றன. மாதக் கடைசிக்கு முன் அளவு தீர்ந்துவிடுமே என்ற அச்சத்தினாற் பலர் முதலிற் செய்யும் காரியம், கணினிகளின் புதுப்பிப்பை நிறுத்திவிடுவதாகும். "படம் பார்ப்பதை நிறுத்தினால் வீட்டிலே சண்டை வரும், சேர், புதுப்பிப்பை நிறுத்தினால் யார் கேட்கப் போகிறார்கள்?" என்று மாணவரொருவர் நம்மிடம் நகைத்துக் கூறியதுண்டு.

கேட்பவர் வருவர், ஆனால் அவர் அழையாத விருந்தாளியாக வருவர். மென்பொருள் மனிதர் எழுதுவது. ஆகவே அதிற் குறைகள் இருந்தே தீரும். அக்குறைகளின் வழியே தீயோர் புகாமல் அடைக்கும் செப்பமே புதுப்பிப்பு. 2014 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இணையச் செய்திகளை மறைத்தனுப்ப உதவும் ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' எனப்பட்ட பெருங்குறை வெளிப்பட்டது. குறை வெளியிடப்பட்ட அன்றே திருத்தமும் வெளியாயிற்று. 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வன்னாக்கிரை' என்னும் நச்சுநிரல் விண்டோஸ் கணினிகளைத் தாக்கி, பிரித்தானியாவின் அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றை நிலைகுலையச் செய்தது. அதனைத் தடுக்கவல்ல திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. மருந்து கையிலிருந்தும் உண்ணாதோரையே நோய் பிடித்தது.

ஆகவே புதுப்பிப்பை நிறுத்துதல் தகாது. இணையத்தை வீணாக்குதலும் இயலாது. இவ்விரண்டுக்கும் நடுவே வழியுண்டா? லினக்ஸ் பாவிப்போருக்கு மிக எளிய வழியொன்று உண்டு.

ஒரு சிறு கணக்கு

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டொர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட கருநிரலே லினக்ஸ். அதனை மூலமாகக் கொண்டு, 1993 இல் இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன், 2004 இல் வெளிவந்த உபுண்டு முதலிய இயங்குதளங்கள் எழுந்தன. இவற்றை யாவரும் இலவசமாகப் பெறலாம், பிறருக்குக் கொடுக்கலாம். உபுண்டுவை நடத்தும் கனோனிக்கல் நிறுவனத்தார், கேட்போருக்கெல்லாம் அதன் இறுவட்டுக்களை 2011 ஆம் ஆண்டு வரை தபாலிலே இலவசமாக அனுப்பிவந்தனர். இணையம் மெதுவாயிருந்த நாடுகளுக்கு அது பேருதவியாயிற்று. இயங்குதளம் இலவசந்தான், ஆனால் அதன் புதுப்பிப்பைக் கொணரும் இணையம் இலவசமன்று.

ஒரு கல்லூரியின் கணினி அறையில் ஒரேவகை லினக்ஸ் நிறுவப்பட்ட 20 கணினிகள் உள்ளன என்று கொள்வோம். ஒரு வாரத்துக்கான புதுப்பிப்பு ஒரு கணினிக்கு 300 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். இருபதும் தனித்தனியே இணையத்தை நாடினால் 6,000 மெகாபைட் செலவாகும். விநாடிக்கு 4 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு, விநாடிக்கு அரை மெகாபைட்டையே கொணரும். எனவே இப்பணி முடிய 200 நிமிடங்கள் செல்லும். அதாவது நாற்பது நிமிடப் பாடவேளைகள் ஐந்து! நான்கு வாரத்திற் செலவோ 24 ஜிகாபைட்.

இதில் விந்தை யாதெனின், அந்த இருபது கணினிகளும் கொணர்ந்தவை ஒரே பொருள்களே. ஒரு கிராமத்திலுள்ள இருபது குடும்பத்தாரும் ஆளுக்கொரு கிலோ சீனிக்காகத் தனித்தனியே கொழும்புக்குப் பயணஞ் செய்வரோ? ஊரிலே சங்கக்கடை ஒன்று இருந்தால், லொறி ஒருமுறை சென்று வரும். மற்றவர் கடைக்கு நடந்து சென்று வாங்குவர். அத்தகைய சங்கக்கடை ஒன்றையே கணினி அறையில் அமைத்தல் வேண்டும்.

அமைப்பது எவ்வாறு?

டெபியன், உபுண்டு ஆகியவற்றுக்கு 'அப்ட்-கேச்சர்-என்ஜி' என்னும் இலவச மென்பொருள் உண்டு. அறையிலுள்ள கணினிகளில் ஒன்றில் இதனை நிறுவிவிட்டால் அக்கணினி பண்டகசாலையாகிவிடும். சில பத்து ஜிகாபைட் வெற்றிடமுள்ள பழைய கணினியே போதுமானது. அதற்கு மாறாத முகவரி ஒன்றை வழங்க வேண்டும். பின்னர் ஏனைய கணினிகள் ஒவ்வொன்றிலும், புதுப்பிப்பை அந்த முகவரியில் 3142 என்னும் வாயிலின் வழியாகவே கேட்க வேண்டுமென்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

முதற் கணினி ஒரு மென்பொருட் பொதியைக் கேட்கும்போது, பண்டகசாலை அதனை இணையத்திலிருந்து கொணர்ந்து கொடுத்துவிட்டு, பிரதியொன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்த பத்தொன்பது கணினிகளும் கேட்கும்போது அப்பிரதியையே வழங்கும். அறைக்குள்ளேயுள்ள கம்பி இணைப்பு வேகமானதாகையால் பொதிகள் விரைவில் வந்து சேரும். நாம் மேலே கண்ட 6,000 மெகாபைட் 300 ஆகக் குறையும். 200 நிமிடம் 10 நிமிடமாகும். மாதச் செலவு 24 ஜிகாபைட்டிலிருந்து 1.2 ஜிகாபைட்டாகும்.

பழைய சரக்கை விற்றுவிடாதோ என்று சிலர் ஐயுறலாம். ஒவ்வொரு பொதியின் பெயரிலும் அதன் பதிப்பு எண் அடங்கியிருக்கும். திருத்தம் வந்தால் பதிப்பு எண்ணும் மாறும். ஆகவே பழையதும் புதியதும் ஒன்றோடொன்று மயங்குவதில்லை. எவ்வெப்பொதிகள் புதியன என்று கூறும் பட்டியலை மாத்திரம் பண்டகசாலை மூலத் தளத்துடன் ஒப்புநோக்கிக் கொள்ளும். பட்டியலில் இல்லாதுபோன பழைய பொதிகளை அது காலந்தோறும் தானே களைந்துவிடும்.

இடையில் நிற்கும் கணினியை நம்பலாமா என்பது அடுத்த ஐயம். பட்டியலில் வெளியீட்டாளரின் இலக்கமுறைக் கையொப்பம் இருக்கும். ஒவ்வொரு பொதியின் உள்ளடக்கத்தையும் கணித்துப் பெற்ற அடையாள எண்ணும் அப்பட்டியலில் இருக்கும். வாங்கும் கணினி இவ்விரண்டையும் தானே சோதித்த பின்னரே பொதியை ஏற்கும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மறுத்துவிடும். கடைக்காரர் எவராயினும் முத்திரை பொய்யாகாது.

சில எச்சரிக்கைகள்

இதற்கும் எல்லைகள் உண்டு. கணினிகள் யாவும் ஒரே இயங்குதளத்தின் ஒரே பதிப்பைக் கொண்டிருந்தாற்றான் முழுப் பயன் கிட்டும்; பதிப்புக்கள் வேறுபட்டால் பொதிகளும் வேறுபடும். மறைகுறியீட்டு இணைப்பின் வழியே செல்லும் கோரிக்கைகளைப் பண்டகசாலை இயல்பாகப் படித்தறிய இயலாது. ஆகையால் பொதிகளைச் சாதாரண இணைப்பிற் கேட்குமாறு அமைத்தல் நன்று. உபுண்டுவில் 'ஸ்னாப்' என்னும் வேறு முறையில் வரும் மென்பொருள்கள் இதிற் சேரா. பண்டகசாலைக் கணினியை நிறுத்திவைத்தால் ஏனையவற்றின் புதுப்பிப்பும் நின்றுவிடும் என்பதையும் மறத்தலாகாது.

இரண்டு மூன்று கணினிகளே உள்ள வீடுகளிலும் இம்முறை பயன் தரும். பாடசாலைகளிலோ, உயர்தர வகுப்பு மாணவர் இருவர் ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரு பிற்பகலிற் செய்து முடிக்கத்தக்க பணி இது. வலையமைப்பைப் பற்றிப் பாடநூலிற் படித்தவற்றைக் கையாற் செய்து பார்க்கும் வாய்ப்பும் அவர்களுக்கு வாய்க்கும்.

இதனால் மீதமாகும் இருபத்திரண்டுக்கு மேற்பட்ட ஜிகாபைட்டைக் கொண்டு மாணவர் பாட விளக்கப் படங்களைப் பார்க்கலாம், கலைக்களஞ்சியங்களைப் படிக்கலாம், வெளியூர் ஆசிரியரின் வகுப்பிற் சேரலாம். கணினிகளும் காவலின்றிக் கிடவா. ஒருவர் கொணர்ந்ததைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் நம் ஊர்களுக்குப் புதியதன்று. அவ்வழக்கத்தைக் கணினி அறைக்குள்ளும் கொண்டுசெல்ல மாணவரும் ஆசிரியரும் முன்வருவார்களாக.