காலாவதியாகும் இணையப் பெயர்களும் வன்னியின் அடிக்குறிப்புகளும்

2002 பெப்ரவரி 22ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கையைச் சார்ந்து மூன்று அமைப்புகள் இயங்கின. கிளிநொச்சியில் விடுதலைப் புலிகளின் சமாதானச் செயலகம், கொழும்பில் அரசாங்கத்தின் சமாதானச் செயலகம், நோர்டிக் நாடுகளைச் சேர்ந்தோரைக் கொண்ட போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு என்பன அவை. மூன்றுக்கும் தனித்தனி இணையத்தளங்கள் இருந்தன. அங்கு வெளியான அறிக்கைகளை ஆய்வாளரும் செய்தியாளரும் விக்கிப்பீடியா எழுதுவோரும் தத்தமது அடிக்குறிப்புகளில் சுட்டினர். கண்காணிப்புக் குழு 2008 ஜனவரியில் தன் பணியை முடித்துக்கொண்டது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி படையினர் வசமாயிற்று. கொழும்புச் செயலகம் அதே ஆண்டு ஜூலை இறுதியில் மூடப்பட்டது. இன்று மூன்று அமைப்புகளும் இல்லை; அடிக்குறிப்புகள் மட்டும் இருக்கின்றன.

ஆளற்றுப்போன இத்தகைய முகவரிகளுக்கு உலகில் ஒரு சந்தை உண்டு என்பதை நம்மிற் பலர் அறியார்.

டொமைன் எனப்படும் ஆள்களப் பெயரை எவரும் விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்கே எடுக்கின்றனர். டொட் கொம் பெயரொன்றுக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து டொலர் அளவிலேயே செலவாகிறது. அதைச் செலுத்தத் தவறினால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து, 45 நாட்கள் வரை சலுகை கிடைக்கலாம். அதன்பின் 30 நாட்கள் மீட்புக் காலம். அப்போது பெயரை மீட்க வழமையைவிடப் பன்மடங்கு கட்டணம் கேட்கப்படும். அதுவும் கடந்தால் 5 நாட்களில் பெயர் பொதுவெளியில் விடப்படுகிறது. அந்த நொடிக்காகவே கணினிகளை வைத்துக் காத்திருக்கும் நிறுவனங்கள் உள்ளன. பல பெயர்கள் அதற்கு முன்னரே ஏலத்திற்குப் போய்விடுகின்றன.

வெறும் பெயருக்கு ஏன் இவ்வளவு போட்டி? 1998இல் தோன்றிய காலம் முதல் கூகுள், ஒரு தளத்தை எத்தனை தளங்கள், எத்தகைய தளங்கள் சுட்டுகின்றன என்பதை அதன் தரத்திற்கு ஓர் அளவுகோலாகக் கொண்டுவருகிறது. புதிய தளமொன்று அந்த மதிப்பைப் பெற ஆண்டுகள் ஆகும். பழைய பெயரை வாங்குபவருக்கோ பல்கலைக்கழகங்களும் செய்தித்தாள்களும் முன்னர் கொடுத்த இணைப்புகள் அனைத்தும் சேர்ந்தே கிடைக்கின்றன. பழைய இணைப்பைச் சொடுக்கி வருவோரும் அவரிடமே வந்து சேர்கின்றனர். இடம்பெயர்ந்தவரின் வீட்டில் அந்நியர் ஒருவர் குடிபுகுந்து, அவருக்கு வரும் கடிதங்களையும் தேடிவரும் உறவினரையும் தாமே வரவேற்பதை ஒத்தது இது. வன்னி மக்களுக்கு இந்த ஒப்புமையை விளக்க வேண்டியதில்லை.

வாங்கியவர் வந்தவர்களை அப்படியே வேறொரு வணிகத் தளத்திற்குத் திருப்பிவிடலாம்; அல்லது பழைய தளத்தின் தோற்றத்தையே மீள அமைத்து, இடையிடையே சூதாட்ட விளம்பரங்களைச் செருகலாம். ஹொங்கொங்கில் ஜனநாயகத்திற்குக் குரல்கொடுத்த அப்பிள் டெய்லி நாளிதழ் 2021 ஜூனில் மூடப்பட்டது. பின்னர் அதன் இணையப் பெயர் இத்தகைய வணிகர் ஒருவரின் கைக்குப் போய், தரமற்ற ஆக்கங்களால் நிரப்பப்பட்டமை 2024இல் வெளிச்சத்துக்கு வந்தது.

அதே ஆண்டு மார்ச்சில் கூகுள் இதனைத் தன் விதிமீறல்களின் பட்டியலில் சேர்த்தது. முன்னர் ஆரம்பப் பாடசாலை ஒன்றுக்குரியதாயிருந்த பெயரில் சூதாட்டத் தளம் நடத்துவதை அது உதாரணமாகக் காட்டியது. பழைய பெயரை நேர்மையான புதிய தளத்திற்குப் பயன்படுத்துவதில் தவறில்லை என்றும் கூறியது. நியாயமான விதிதான். ஆனால் அது தேடுவோருக்கே காவல். அடிக்குறிப்பைச் சொடுக்கி வரும் மாணவன் கூகுளின் வழியாக வருவதில்லையே!

வன்னி சார்ந்த பெயர்கள் நழுவுவதற்குத் தனிக் காரணங்களும் உண்டு. பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், ஆலயம், ஊர்ச் சங்கம் என்பவற்றின் தளங்களைப் பெரும்பாலும் லண்டனிலோ டொரன்டோவிலோ உள்ள ஒருவரே தம் கடனட்டையாலும் தம் மின்னஞ்சலாலும் பதிவு செய்கிறார். அவர் ஒதுங்கினாலோ இறந்தாலோ, நினைவூட்டல்கள் எவரும் திறவாத அஞ்சற்பெட்டிக்கே செல்லும். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டு, 2009 மே வரை மக்கள் இடம்விட்டு இடம் ஓடிக்கொண்டிருந்தபோது, இணையப் பெயரின் தவணையை யார் நினைத்திருப்பார்? கணினிகளும் கோப்புகளும் அழிந்த நிலையில், இணையத்தில் எஞ்சியதே சில நிகழ்வுகளுக்கு ஒரே எழுத்துச் சான்றாக இருக்கக்கூடும்.

இணைய ஆவணக் காப்பகத்தில் பிரதி இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வோரும் ஒன்றை அறிய வேண்டும். தேடுபொறிகளுக்கென ஒரு தளத்தில் வைக்கப்படும் தடைக் கட்டளையை அக்காப்பகம் நீண்டகாலம் மதித்து வந்தது. ஆகவே, பெயரைப் புதிதாக வாங்கியவர் வைத்த தடை, முன்னையவர் எழுதிய பழைய பக்கங்களையும் பார்வையிலிருந்து மறைத்தது. 2017இல் காப்பகமே இக்குறையைச் சுட்டி, அக்கட்டளைகளைச் சார்ந்திருப்பதைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஆகவே வேறிடத்திலும் பிரதி வைப்பது அவசியம். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேகரித்துவருகிறது. சங்கங்கள் தம் மலர்களையும் அறிக்கைகளையும் அங்கு ஒப்படைக்கலாம்.

டொட் கொம், டொட் ஓர்க் போன்ற பெயர்களை ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்ய முடியும். சங்கத்திற்கென ஒரு மின்னஞ்சல், அதன் கடவுச்சொல் தெரிந்த இருவர், கணக்கறிக்கையில் ஒரு வரி ஆகியவை இதற்குப் போதும். தளத்தை மூட எண்ணுவோரும் பெயரைச் சில ஆண்டுகளுக்கேனும் தம்மிடம் வைத்திருப்பது நல்லது. ஊர்ச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில், தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியுள்ளது, எந்தத் திகதியில் முடிகிறது என்று எவரேனும் எழுந்து கேட்கட்டும்.