கப்பலேறுமுன் காப்பீட்டைப் படியுங்கள்

உல்லாசக் கப்பல் பயணம் இன்று நம் பகுதிக் குடும்பங்களுக்கும் எட்டும் தொலைவில் வந்துவிட்டது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இத்தகைய பயணங்கள் தொடங்கின. மறு ஆண்டு ஜூனில் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் கப்பல் புறப்பட்டது. பிள்ளைகள் பெற்றோருக்கு அன்பளிப்பாக ஏற்பாடு செய்யும் இப்பயணத்திற்கு முன் எங்களிடம் ஆலோசனைக்கு வரும் பெரியவர்கள், பெரும்பாலும் நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ இதய நோய்க்கோ மருந்து உட்கொள்பவர்கள்.

அவர்களுடன் வருவோர் சிலர், “ஐயா, சர்க்கரை, பிரஷர் எதையும் குறிப்பிடாமல் ஒரு சான்று கொடுங்கள், பிரீமியம் குறையும்” என்று கேட்கின்றனர். அவ்வாறு நாங்கள் எழுதித் தருவதில்லை. அது பொய்ச்சான்று என்பது ஒரு காரணம். நெருக்கடி நேரத்தில் அது நோயாளிக்கே எதிராகத் திரும்பும் என்பது மற்றொரு காரணம்.

மறைத்த நோயும் மறுக்கப்படும் பணமும்

இழப்பீடு கோரும்போது காப்பீட்டு நிறுவனம் பழைய மருந்துச் சீட்டுகளையும் மருத்துவமனைப் பதிவுகளையும் கேட்கும். கப்பல் மருத்துவரிடம் நோயாளி தாமே சொல்லும் விவரமும் பதிவாகும். முன்பே இருந்த நோய் மறைக்கப்பட்டது தெரிந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

உண்மையைச் சொன்னாலும் எல்லாச் செலவும் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். சில வெளிநாட்டுப் பயணக் காப்பீடுகள் முன்பே உள்ள நோய்க்கு எதுவும் தருவதில்லை. சில, உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் மட்டும், நிலைமை சீராகும் வரை, ஒரு வரம்புக்குள் தருகின்றன. தங்கள் நோய் எந்த வகையில் அடங்கும் என்பதை முகவரின் வாய்மொழியாக அன்றி எழுத்தாகவே பெற்றுக்கொள்ளுங்கள்.

கப்பலில் உள்ளதும் இல்லாததும்

பெரிய கப்பல்களில் மருத்துவரும் செவிலியரும் இருப்பர். இ.சி.ஜி., ஆக்சிஜன், இதய அதிர்வுக் கருவி, அடிப்படை இரத்தப் பரிசோதனை ஆகியவையும் இருக்கும். ஆஞ்சியோகிராம், இரத்த வங்கி ஆகியவை இரா. டயாலிசிஸ் வசதியும் பொதுவாக இராது. சமயநல்லூரில் நெஞ்சுவலி வந்தால் 108 ஊர்தியில் மதுரையின் பெரிய மருத்துவமனைகளை விரைவில் அடையலாம். நடுக்கடலில் அடுத்த துறைமுகம் வரும்வரை காத்திருக்க நேரலாம். ஹெலிகாப்டர் வருவதும் கரையின் தொலைவையும் வானிலையையும் பொறுத்தது.

ஆகவே காப்பீட்டில் முதலில் பார்க்க வேண்டியது, அவசர மருத்துவ இடமாற்றத்திற்கு எவ்வளவு தொகை உண்டு என்பதையே. ஊர் திரும்பும் செலவும் துணைக்கு ஒருவர் தங்கும் செலவும் அதில் அடங்குமா என்றும் பாருங்கள். ஓர் ஒப்பீட்டிற்கு, ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிப்போர் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளுக்கே உரியது, கப்பலில் பயன்படாது. கப்பல் மருத்துவச் செலவு பொதுவாக அறைக் கணக்கில் சேரும். முதலில் நாம் செலுத்தி, பிறகே கோர வேண்டியிருக்கும். ரசீதுகளையும் சிகிச்சைக் குறிப்பையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. கப்பல் தொடும் எல்லா நாடுகளும், கடலிலேயே கழியும் நாட்களும் அடங்குமா? லட்சத்தீவு போன்ற உள்நாட்டுப் பயணமாயின் அதற்குரிய காப்பீடு வேறு.

2. கப்பலைத் தவறவிட்டால் இழப்பீடு உண்டா? வைகை எக்ஸ்பிரஸ் தாமதமானாலும் கப்பல் காத்திராது. முதல் நாளே சென்னை சேர்வது நல்லது.

3. பயணம் நீண்டால் காப்பீடும் நீளுமா? 2020 பிப்ரவரியில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் கொரோனா தொற்றால் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்டபோது 3,711 பேர் அதில் இருந்தனர். குறித்த நாளில் ஊர் திரும்புவோம் என்பதற்கு உறுதியில்லை.

4. புறப்படுமுன் நோய் முற்றிப் பயணத்தைக் கைவிட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா?

கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டதாகக் கருதினால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்தாக முறையிடுங்கள். தீராவிடில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ சேவையை 155255 என்ற எண்ணில் அணுகலாம்.

நாங்கள் செய்யக்கூடியது

பயணத்திற்கு ஒரு மாதம் முன்பாகவே, பணம் கட்டுமுன், காப்பீட்டு விதிகளையும் மருந்துகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நோயின் பெயர், மருந்துகளின் வேதிப்பெயர், அளவு, அண்மை இ.சி.ஜி. விவரம் ஆகியவற்றை உள்ளபடி எழுதித் தருகிறோம். கடல் ஒவ்வாமையால் வாந்தி ஏற்பட்டு உணவு தங்காதபோது இன்சுலினையும் மாத்திரைகளையும் எவ்வாறு மாற்றிக்கொள்வது என்பதையும் விளக்குகிறோம். மருந்துகளைத் தேவைக்கு இருமடங்காக, கைப்பையிலேயே வைத்திருங்கள்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் சிலவேளை “இப்போது வேண்டாம்” என்று சொல்கிறோம். பிள்ளைகள் அதனால் வருந்த வேண்டியதில்லை. பெற்றோரின் உடல்நிலை தேறிய பின் அதே பயணத்தை வேறொரு பருவத்தில் மேற்கொள்ளலாம்.