சுல்தான்பூர் ஏரிக்கரை: ஓர் எளிய நடைபாதை கற்பிக்கும் பாடங்கள்

தில்லியில் கிட்வாய் நகர் போன்ற அரசாங்க ஊழியர் குடியிருப்புகளில் வாழ்வோர், வனவிலங்குகளைக் காண வேண்டுமாயின் நெடும்பயணம் மேற்கொள்ள வேண்டும் என்றே பெரும்பாலும் எண்ணுகின்றனர். ஆயின் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், ஹரியானா மாநிலத்தின் குருகிராம் மாவட்டத்தில் சுல்தான்பூர் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. குருகிராமிலிருந்து ஃபரூக் நகர் செல்லும் சாலையில் உள்ள இப்பூங்காவின் பரப்பு சுமார் 1.4 சதுர கிலோமீட்டரே ஆகும். ஏரியைச் சுற்றிச் செல்லும் பாதை மேடு பள்ளமின்றிச் சமதளமாக இருப்பதால் சிறுவரும் முதியோரும் களைப்பின்றி நடக்கலாம்.

இவ்விடம் காப்பகமான வரலாறு அறியத்தக்கது. தாழ்ந்த நிலமாதலின் மழைநீர் இங்கே தேங்குவதும், குளிர்காலத்தில் பறவைகள் வந்து கூடுவதும் பண்டுதொட்டு நிகழ்ந்தவையே. பத்திரிகையாளரும் பறவை ஆர்வலருமான பீட்டர் ஜாக்ஸன் என்பார், இந்நீர்நிலையைக் காத்தல் வேண்டும் என்று 1970 ஆம் ஆண்டில் பிரதமர் இந்திரா காந்தி அவர்களுக்கு எழுதினார். பிரதமரும் முன்னர்த் தில்லிப் பறவை நோக்குவோர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர். அடுத்த சில ஆண்டுகளில் ஏரி சரணாலயமாயிற்று. 1991 இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. 2021 இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

பாதையில் நடப்போர் முதலில் கவனிக்க வேண்டுவது நீரின் ஆழமாகும். கரையோரச் சேற்றில் உள்ளான்கள் மெல்லிய அலகால் புழுக்களைத் தேடுகின்றன. முழங்கால் அளவு நீரில் கரண்டிவாயன் தன் தட்டையான அலகை இருபுறமும் வீசி இரை தேடுகின்றது. சற்று ஆழமான இடத்தில் ஊசிவால் வாத்து தலையை நீரில் அமிழ்த்தி, வாலை மேலே நிறுத்தி, அடியிலுள்ள விதைகளைத் தின்கின்றது. இன்னும் ஆழத்தில் நீர்க்காகங்கள் மூழ்கி மீன் பிடிக்கின்றன. ஒரே ஏரியில் இத்தனை இனங்கள் பூசலின்றி வாழ்வது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடை இங்கேயே கிட்டுகின்றது: ஆழம் வேறு, அலகு வேறு, உணவும் வேறு. கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்க வேண்டியதை மாணவர் இங்கே கண்ணாலேயே கற்றுவிடுவர்.

குளிர்கால விருந்தினருள் பட்டைத்தலை வாத்து சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. மத்திய ஆசியாவின் உயர்நிலங்களில் இனப்பெருக்கம் செய்து, இமயமலையைக் கடந்து இது வருகின்றது. காற்றில் பிராணவாயு குறைந்த உயரங்களில் பறக்க வல்லதற்கு, இதன் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் அவ்வாயுவை விரைந்து பற்றும் தன்மை ஒரு முக்கியக் காரணம் என்று விஞ்ஞானிகள் கண்டுள்ளனர். ஏரியின் நடுவே மண்மேடுகள் எழுப்பிக் கருவேல மரங்கள் வளர்க்கப்பட்டுள்ளன. மழைக்காலத்துக்குப் பின் மஞ்சள்மூக்கு நாரைகள் அம்மரங்களில் கூடு கட்டுகின்றன. சுற்றிலும் நீர் இருப்பதால் தரைவிலங்குகள் கூடுகளை எளிதில் அணுக முடிவதில்லை.

இத்தனைக்கும் ஆதாரம் நீரே. சுற்றுப்புறமெங்கும் கட்டடங்கள் பெருகி, நிலத்தடி நீரும் இறங்கிவரும் பகுதி இது. மழை மட்டும் போதாமையால், யமுனை நீரைக் கால்வாய் வழியாகக் கொணர்ந்து ஏரியை நிரப்ப வேண்டியுள்ளது. எனவே வேலியிட்டுக் காப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை.

இராஜஸ்தானத்தின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவின் அனுபவம் இதனை மேலும் தெளிவாக்கும். அங்கே 1982 இல் எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்த கிராமத்தாருக்கும் காவலருக்கும் நேர்ந்த மோதலில் உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. ஆயின் மேய்ச்சல் நின்றபின் நீர்ப்புல் அடர்ந்து ஏரிப்பரப்பை மூடியது. வாத்துகளுக்குத் திறந்த நீர் குறைந்தது. எருமைகளே புல்லைக் கட்டுப்படுத்தி வந்தன என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தாரின் ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. இதற்கு மாறாக, நம் வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த உழவர், தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைத் தாமே காத்து வந்துள்ளனர். அண்டை ஊராரின் நலனையும் அறிவையும் விலக்கி வைத்து எந்த ஈரநிலத்தையும் காத்தல் அரிது என்பதைக் களப்பணியாளர் மனத்திற் கொள்ளல் நலம்.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மழைக்காலத்தில் பூங்கா மூடப்பட்டிருக்கும். காலையில் செல்வது நன்று. பளிச்சிடும் நிற ஆடைகளையும் உரத்த பேச்சையும் தவிர்க்க வேண்டும். பறவைக்கு உணவிடுவதும், பாதையை விட்டு இறங்கிக் கூட்டை அணுகுவதும் கூடா. ஒவ்வொரு மாணவரும் தேதி, நேரம், நீர்மட்டம், கண்ட இனம், அதன் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே இடத்தில் எடுக்கப்படும் இத்தகைய குறிப்புகள், ஏரி வளம் பெறுகின்றதா, தேய்கின்றதா என்பதை அறியப் பெரிதும் உதவும்.