உங்களுக்குத் தெரியுமா? கேம்பர் சுவருக்குள் ஒளிந்திருக்கும் ஓதம்

● பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் ஏற்றி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் சிறு வீட்டுக்கு அமெரிக்காவில் ‘டிரக் கேம்பர்’ என்று பெயர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் சார்லி என்ற தன் நாயோடு அமெரிக்காவைச் சுற்றி வந்தது இப்படி ஒரு வண்டியில்தான். ‘ரோசினான்டே’ என்று அவர் பெயர் சூட்டிய அந்த வண்டி, கலிஃபோர்னியாவின் சலீனஸ் நகரில் உள்ள ஸ்டைன்பெக் மையத்தில் பத்திரமாக இருக்கிறது.

● அந்தப் பாதுகாப்புக் கிடைக்காத பழைய கேம்பர்கள் மழையிலும் பனியிலும் நிற்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிச் சீரமைக்க அங்கே நிறையப் பேருக்கு ஆசை. வெளியே அலுமினியத் தகடு தெரிவதால் முழுக்க உலோகம் என்று நினைத்துவிட வேண்டாம். 1960, 70-களின் கேம்பர்கள் பெரும்பாலும் மெல்லிய மர ரீப்பர்களின் மேல் நிற்பவை. உட்புறம் சில மில்லிமீட்டர் கனமே உள்ள பிளைவுட், நடுவில் கண்ணாடியிழைப் பஞ்சு. நனைந்தால் இந்த மூன்றும் சீக்கிரம் காயாது.

● தண்ணீருக்கு வழி விடுவது வெயிலும்தான்! 3 மீட்டர் நீள அலுமினியத் தகடு, வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் ஏறினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் மரம் அவ்வளவு நீளாது. இந்த இழுபறி பல ஆண்டுகள் நடந்தால் தகடுகளின் சந்திப்பை மூடும் மூலைப் பட்டைக்கு அடியில் உள்ள பசை காய்ந்து வெடிக்கும், திருகாணிகள் தளரும். கூரையின் காற்றுத் திறப்பு, ஜன்னல் விளிம்பு, நெற்றியில் வரிசையாக மின்னும் சிறு விளக்குகள் என்று தகட்டில் துளை போட்ட எந்த இடமும் ஒழுகலாம்.

● கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்க வேண்டியதில்லை. கூரையில் நுழைந்த நீர் ரீப்பர் வழியே ஓடி, எங்கோ ஒரு மூலையில் இறங்கும். டிரைவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கைப் பகுதியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வண்டி ஓடும்போது காற்று மழையை அந்த முன்பக்க இணைப்புகளுக்குள் அடித்துத் திணிக்கிறது. மெத்தையைத் தூக்கி, மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே மரம் மக்கிவிட்டது.

● மரத்தை மக்கச் செய்வது தண்ணீர் அல்ல, பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பூஞ்சை வளராது. 30 சதவீதத்தை நெருங்கினால் செழித்து வளரும். இரண்டு ஊசிகளைக் குத்தி, இடையே உள்ள மின்தடையை வைத்து ஈரத்தைச் சொல்லும் சிறு மீட்டர் கடையில் கிடைக்கிறது. சுவரைப் பிரிக்காமலே நோயின் எல்லையை அது காட்டிவிடும்.

● மழையே பெய்யாவிட்டாலும் சுவர் வியர்க்கும். 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. குளிர் இரவில் ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்பு எரித்தால் அந்த நீராவி குளிர்ந்த சுவரில்தான் படியும்.

● ஒழுகல் இருக்கும் இடம் தெரியவில்லையா? திறப்புகளை எல்லாம் மூடி, ஊதுவிசிறியால் உள்ளே காற்றழுத்தம் ஏற்றி, வெளி இணைப்புகளில் சோப்பு நீர் தெளிப்பார்கள். குமிழி கிளம்பும் இடமெல்லாம் ஓட்டை. என்னைக் கேட்டால், பழுதுபார்ப்பதில் செலவழிக்கும் முதல் பணம் இதற்குத்தான் போக வேண்டும்.

● டிரக்கை அடியிலிருந்து ஓட்டி எடுக்கும்போது கேம்பரின் முழுப் பாரமும் நான்கு மூலை ஜாக்கிகளில் நிற்கிறது. மரச்சட்டக் கேம்பரில் அந்த ஜாக்கிகள் மூலை மரத்தில்தான் முடுக்கப்பட்டிருக்கும். மூலை மக்கியிருந்தால் ஜாக்கி பிய்த்துக்கொண்டு வரும், கேம்பர் சாயும். ஆகவே சோதித்துப் பார்க்காமல் யாரும் அதன் அடியில் தலையை நீட்டக் கூடாது.

● மக்காத மரமாகப் போடலாமே என்று செம்பு மருந்து ஏற்றிய பலகையை வாங்குகிறவர்கள் உண்டு. அந்தச் செம்பு, ஈரம் பட்டால் அலுமினியத் தகட்டை அரித்துத் தின்னும். மருந்தேற்றாத நல்ல மரமே போதும், தண்ணீர் வராமல் பார்த்துக்கொண்டால்.

● சிலிகான் பூசி ஓட்டையை அடைப்பது பலரும் செய்யும் தவறு. சிலிகான் இருந்த இடத்தில் பிறகு எதுவும் சரியாக ஒட்டாது; புதிய சிலிகானே ஒட்டாது. மூலைப் பட்டையைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் டேப் என்னும் பிசுபிசுப்பான ரப்பர் நாடாவை வைத்துத் திரும்ப முடுக்குவதே முறை.

● பழைய சுவருக்குள் எலிப் புழுக்கை கிடந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். 1993-இல் அமெரிக்காவின் தென்மேற்கில் பல உயிர்களைக் கொன்ற ஹான்டா வைரஸ், மான் எலி எனப்படும் எலி வகையின் எச்சத்திலிருந்து தூசியோடு மூச்சில் ஏறுவது. கதவுகளைத் திறந்து காற்றாட விட்டு, ஒரு பங்கு பிளீச்சில் ஒன்பது பங்கு நீர் கலந்து நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுக்க வேண்டும்.

● விற்பனைக்கு வரும் பழைய கேம்பரில் புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் மகிழ வேண்டாம். விலை பேசும் முன் ஈர மீட்டரை எடுத்து, படுக்கைப் பகுதியின் நான்கு மூலைகளிலும் குத்திப் பாருங்கள்.