எண்ணிக்கைக்கு எட்டாத காரணங்கள்: தனி ஆலோசகர்களுக்கான பண்புசார் சந்தை ஆய்வு

சிறுதொழிற்கடன் கோரி வங்கிக்கு வரும் விண்ணப்பத்துடன் திட்ட அறிக்கை ஒன்றும் இணைக்கப்படுவதை நாம் அறிவோம். இயந்திரத்தின் விலை, மின்கட்டணம், கூலி, மூலப்பொருட் செலவு ஆகியவை அதில் ரூபாய்க் கணக்கில் இடம்பெறும். விலைப்புள்ளிகள் அவற்றுக்குச் சான்றாக நிற்கும். ஆனால் ‘சந்தை வாய்ப்பு’ என்னும் பகுதியில், “இப்பொருளுக்கு நல்ல தேவை உள்ளது” என்ற பொதுவான வரியே பல நேரங்களில் காணப்படுகிறது. இயந்திரம் பழுதானால் சரிசெய்துவிடலாம். வாங்குவோர் இல்லையெனில் பொருள் கிடங்கில் தேங்கும். மாதத் தவணையோ நாள் தவறாமல் வந்து நிற்கும்.

பெரிய ஆய்வு நிறுவனங்களை அமர்த்தும் வசதி சிறு தொழில்முனைவோருக்கு இல்லை. இந்த இடைவெளியை இன்று நிரப்பி வருபவர்கள் தனி ஆலோசகர்கள். விற்பனைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றோர், குடும்பப் பொறுப்புகளுக்காகப் பணியிலிருந்து விலகி மீண்டும் தொழிலுக்குத் திரும்பும் பெண்கள், சமூகவியலும் உளவியலும் பயின்ற இளைஞர்கள் எனப் பலரும் இத்துறைக்கு வருகின்றனர். குறைந்த செலவில், சில வாரங்களில், ஒருவரே முன்னின்று நடத்தக்கூடியது பண்புசார் சந்தை ஆய்வு. அதன் முறைகளையும் இன்றைய போக்குகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணிக்கையும் காரணமும்

சந்தை ஆய்வை இரு வகையாகப் பிரிப்பது வழக்கம். அளவுசார் ஆய்வு எத்தனை பேர், எவ்வளவு, எத்தனை முறை என்பனவற்றை அளக்கிறது. பண்புசார் ஆய்வு ஏன், எப்படி, எச்சூழலில் என்பனவற்றை ஆராய்கிறது. முன்னதற்கு நூற்றுக்கணக்கானோரின் விடைகள் தேவை. பின்னதற்குச் சிலரோடு நீண்ட நேரம் அமர்ந்து, அவர்கள் வாழ்க்கையில் ஒரு பொருள் எங்கே பொருந்துகிறது என்று கேட்டறியும் பொறுமை தேவை.

கெல்லாக்ஸ் நிறுவனம் 1994-இல் இந்தியாவில் கால் பதித்தபோது, மக்கள்தொகைக் கணக்கின்படி வாய்ப்பு மிகப் பெரிதாகவே தோன்றியது. ஆனால் நம் நாட்டில் பல வீடுகளில் காலையில் பாலைக் காய்ச்சிச் சூடாகப் பயன்படுத்துவதே பழக்கம். குளிர்ந்த பாலில் மொறுமொறுப்பாக உண்பதற்கென உருவான சோள அவல், சூடான பாலில் ஊறிக் குழைந்துபோயிற்று. தொடக்க ஆண்டுகளில் விற்பனை எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. எத்தனை குடும்பங்கள் பால் வாங்குகின்றன என்ற கணக்கு இந்தத் தடையைக் காட்டாது. காலை உணவு நேரத்தில் சில வீடுகளில் அமர்ந்து பார்ப்பவருக்கு அது கண்ணெதிரே தெரியும்.

சொல்லும் காரணமும் சொல்லாத காரணமும்

கேட்டவுடன் கிடைக்கும் விடையே உண்மைக் காரணம் என்று கொள்வதற்கில்லை. இதனைத் தெளிவுபடுத்திய ஆய்வு ஒன்றை அமெரிக்க உளவியலாளர் மேசன் ஹேர் 1950-இல் வெளியிட்டார். உடனடிக் காப்பித்தூளான நெஸ்கஃபேயை ஏன் விரும்பவில்லை என்று இல்லத்தரசிகளைக் கேட்டால், சுவை பிடிக்கவில்லை என்பதே வழக்கமான பதிலாக இருந்தது. ஹேர் அந்தப் பதிலோடு நிற்கவில்லை. மளிகைப் பட்டியல்கள் இரண்டைத் தயாரித்தார். இரண்டிலும் ஏழு பொருள்கள்; ஆறு பொருள்கள் ஒன்றே. ஒரு பட்டியலில் நெஸ்கஃபே, மற்றொன்றில் வடித்துத் தயாரிக்கும் வழக்கமான காப்பித்தூள் என்பது மட்டுமே வேறுபாடு. ஐம்பது பெண்களுக்கு ஒரு பட்டியலும் வேறு ஐம்பது பெண்களுக்கு மற்றொரு பட்டியலும் காட்டி, இதை வாங்கிய பெண் எத்தகையவள் என்று விவரிக்கக் கேட்டார். நெஸ்கஃபே இருந்த பட்டியலைக் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவளைச் சோம்பேறி என்று வருணித்தனர். மற்றப் பட்டியலைக் கண்டவர்களில் அவ்வாறு சொன்னோர் மிகச் சிலரே.

ஆகவே தடை நாவில் மட்டும் இல்லை. ‘நல்ல இல்லத்தரசி’ என்ற பெயருக்கு வரும் இழுக்கைப் பற்றிய அச்சமும் அதில் கலந்திருந்தது. சுவையை மட்டும் மேம்படுத்த முனையும் உற்பத்தியாளர் தம் பணத்தைத் தவறான இடத்தில் செலவிடுவார். தம்மைப் பற்றி நேரடியாகச் சொல்லத் தயங்குவதை, பிறரைப் பற்றிப் பேசும் சாக்கில் மனிதர் சொல்லிவிடுவர். இந்த மறைமுக வினா முறையைத் தனி ஆலோசகர் எவ்விதக் கருவியும் இன்றி இன்றும் பயன்படுத்தலாம்.

நான்கு முறைகள்

முறைகளைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்வோம். இந்தூர் நகரில் ஒரு தொழில்முனைவோர், அவ்வூர் மக்களின் காலை உணவான போஹாவை, அதாவது அவல் உப்புமாவை, வெந்நீர் ஊற்றியவுடன் உண்ணத்தக்க கலவையாகப் பொட்டலமிட்டு விற்க எண்ணுகிறார். இயந்திரம் வாங்கக் கடன் பெறுமுன் ஓர் ஆலோசகரை நாடுகிறார். ஆலோசகரின் முன் நான்கு முறைகள் உள்ளன.

முதலாவது, ஆழ்நேர்காணல். ஒருவரோடு ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனியே உரையாடுவது. “இத்தகைய கலவை வந்தால் வாங்குவீர்களா?” என்பது இங்குக் கேட்கக்கூடாத வினா. வீடு தேடி வந்தவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே பலரும் “வாங்குவோம்” என்பார்கள். “நேற்றுக் காலை எழுந்தது முதல் அனைவரும் உண்டு முடிக்கும் வரை என்னென்ன நடந்தது?” என்பது நல்ல வினா. நடந்ததைச் சொல்வதில் பொய்யுரைக்கத் தேவை குறைவு. விடை முடிந்ததுபோல் தோன்றினாலும் சற்று மௌனமாக இருப்பது பயன் தரும். முக்கியமான செய்தி பெரும்பாலும் அதன் பின்னரே வரும்.

இரண்டாவது, ‘ஃபோகஸ் குரூப்’ எனப்படும் குழு உரையாடல். இதன் வேர், 1941-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பால் லசார்ஸ்ஃபெல்டும் ராபர்ட் மெர்டனும் நடத்திய வானொலி ஆய்வுகளில் உள்ளது. நிகழ்ச்சியைக் கேட்போர் பிடித்த இடத்தில் பச்சைப் பொத்தானையும் பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொத்தானையும் அழுத்துவர். எந்த நொடியில் பிடித்தது என்பதைக் கருவி காட்டியது. ஏன் பிடித்தது என்பதை உரையாடிக் கேட்க வேண்டியிருந்தது. இன்று ஆறு முதல் எட்டுப் பேரை அமர்த்தி, ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை உரையாடுவது வழக்கம். மக்கள் ஒருவர்க்கொருவர் பேசும் சொற்கள் இதில் கிடைக்கின்றன. ஆயினும் குரல் ஓங்கிய ஒருவர் மற்றவர் கருத்தை வளைத்துவிடக்கூடும். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால் சமையலைப் பற்றி மருமகள் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். குழுவில் தோன்றும் கருத்துகளைப் பின்னர் சோதித்தறிய வேண்டிய ஊகங்களாகவே மெர்டன் கருதினார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

மூன்றாவது, நேரில் காணல். வீட்டுச் சமையலறையிலோ கடையிலோ உடனிருந்து பார்ப்பது. “உடனடி உணவு எங்கள் வீட்டில் நுழையாது” என்று நேர்காணலில் சொன்னவரின் அலமாரியில் நூடுல்ஸ் பொட்டலம் இருக்கலாம். அதைக் குற்றமாகச் சுட்டாமல், “இது எப்போது பயன்படும்?” என்று இயல்பாகக் கேட்டால், பிள்ளைகளின் தேர்வு நாள், உடல்நலம் குன்றிய நாள், வெளியூர்ப் பயணம் என உண்மையான தேவைகள் வெளிப்படும்.

நான்காவது, நாட்குறிப்பு முறை. பங்கேற்போர் ஒரு வாரம் நாள்தோறும் தம் காலை உணவைப் பற்றிச் சில வரிகளோ ஒரு புகைப்படமோ அனுப்புவர். ஒரு நாள் நேர்காணலில் மறந்துபோகும் செய்திகள் இதில் பதிவாகும்.

எத்தனை பேர்? எவர்?

பத்துப் பேரிடம் பேசி என்ன தெரியும் என்ற ஐயம் வாடிக்கையாளருக்கு எழுவது இயல்பு. ஆப்பிரிக்காவின் கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் நடத்திய 60 ஆழ்நேர்காணல்களை மீளாய்வு செய்து, கெஸ்ட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முதல் பன்னிரண்டு நேர்காணல்களுக்குள்ளேயே புதிய கருத்துகள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டதை அவர்கள் கண்டனர். அடிப்படைக் கருத்துகள் ஆறாவது நேர்காணலிலேயே தென்பட்டிருந்தன. ஆனால் அது ஓரளவு ஒத்த தன்மையுடைய குழு. பணிக்குச் செல்லும் இளம் தாய்மார், விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர், தனியே வாழும் முதியோர் என மூவகையினர் நம் ஆய்வில் இருந்தால், ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே போதிய நேர்காணல்கள் தேவைப்படும்.

எண்ணிக்கையைவிடத் தேர்வே முக்கியம். தொழில்முனைவோரின் உறவினரும் நண்பரும் ஆய்வுக்கு ஏற்றவர்கள் அல்லர். அவர்கள் பாராட்டவே செய்வார்கள். அன்பளிப்புக்காக ஆய்வு தோறும் தலைகாட்டுவோரும் அப்படியே. தேர்வு வினாக்களில் நாம் தேடும் விடை எது என்பது வெளிப்படாதிருக்க வேண்டும். மேலும், பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் விரும்பினர் என்பதை ‘எழுபத்தைந்து விழுக்காடு’ என்று அறிக்கையில் எழுதுவது பெரும் பிழை. பண்புசார் ஆய்வு காரணங்களைத் தரும்; விற்பனை அளவை முன்னறிவிக்காது.

இன்றைய போக்குகள்

பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் காணொலி நேர்காணல் இயல்பான ஒன்றாகிவிட்டது. இந்தூரில் உள்ளவர் பயணச் செலவின்றிக் குவாஹாட்டியில் உள்ளவரோடு உரையாட முடிகிறது. வாட்ஸ்ஆப் குரல்பதிவு நாட்குறிப்பு முறைக்கு மிகவும் உதவுகிறது. எழுதத் தயங்குவோரும் தம் தாய்மொழியில் தயங்காமல் பேசுகின்றனர். எனினும் திரையில் முகம் மட்டுமே தெரியும். சமையலறையின் நெருக்கடி தெரியாது. இணைய வசதி குறைந்தோரும் பொதுவான ஒரே கைப்பேசியைக் குடும்பத்துடன் பகிர்வோரும் ஆய்விலிருந்து விடுபட்டுப்போகும் இடருண்டு.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் குரலை எழுத்தாக்குகின்றன, மொழிபெயர்க்கின்றன, கருத்துகளை வகைப்படுத்துகின்றன. பல நாள் உழைப்பு இதனால் மிச்சமாகிறது. ஆயினும் வட்டார வழக்கையும் கேலியையும் இக்கருவிகள் பிழையாகக் கொள்ளக்கூடும். “ஆமாம், ரொம்ப நல்லாத்தான் இருக்கும்” என்று ஒருவர் இழுத்துச் சொல்வது எழுத்தில் பாராட்டாகவே நிற்கும். எனவே ஒலிப்பதிவை ஆலோசகர் ஒருமுறையேனும் முழுமையாகக் கேட்க வேண்டும். மனிதருக்குப் பதிலாகக் கணினியே பதிலளிக்கும் ‘செயற்கைப் பங்கேற்பாளர்’ முறையும் பேசப்படுகிறது. வினாக்களை முன்கூட்டிச் சோதிக்க அது பயன்படலாம். கடன் வாங்கும் முடிவுக்கு அதைச் சான்றாகக் கொள்ளலாகாது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஆலோசகர் அறிந்திருக்க வேண்டும். எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்படுகிறது என்பதைத் தெளிவாக அறிவித்து இசைவு பெறுதல், அந்த இசைவைத் திரும்பப் பெறும் உரிமை, பதினெட்டு வயது நிரம்பாதோர் எனில் பெற்றோரின் இசைவு ஆகியவற்றை அச்சட்டம் வலியுறுத்துகிறது. ஒலிப்பதிவுகளைப் பாதுகாப்பதும், பணி முடிந்தபின் அழிப்பதும், அறிக்கையில் பெயரை மறைப்பதும் நல்ல ஆலோசகரின் வழக்கமாக வேண்டும்.

ஆலோசகரின் நிலை

தனி ஆலோசகருக்கு நேரும் உண்மையான சோதனை அறிக்கை எழுதும்போதுதான் வருகிறது. ஊதியம் கொடுப்பவர் தொழில்முனைவோர். அவர் எதிர்பார்ப்பது நற்செய்தி. பாதகமான முடிவைச் சொன்னால் அடுத்த பணி கிடைக்காதோ என்ற அச்சம் எழும். இதற்கு முன்னேற்பாடு உண்டு. பணி தொடங்குமுன்பே, எத்தகைய விடை வந்தால் எந்த முடிவை எடுப்பது என்பதை இருவரும் எழுத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டணத்தில் ஒரு பகுதியை முன்பணமாகவும் எஞ்சியதை அறிக்கை அளிக்கும் நாளிலும் பெறுவதாக ஒப்பந்தம் இருந்தால், விடையின் தன்மை ஊதியத்தைப் பாதிக்காது.

சேவைத் தொழில் என்ற வகையில் ஆலோசகர் உத்யம் இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். குறு, சிறு தொழில் நிறுவனங்களுக்குரிய தொகையை, எழுத்து ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்குள் செலுத்த வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் விதிக்கிறது. தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மும்மடங்கு விகிதத்தில் கூட்டுவட்டி கோரலாம். தொழிலுக்கெனத் தனி நடப்புக் கணக்கு வைத்திருப்பது இக்கணக்குகளைத் தெளிவாக்கும்.

நம் இந்தூர் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். அன்றாடக் காலை உணவாக இக்கலவையை இல்லங்கள் ஏற்கத் தயங்குகின்றன. ஆனால் பயணத்துக்கும் விடுதி மாணவருக்கும் தேவை இருக்கிறது என்று ஆய்வு காட்டுவதாகக் கொள்வோம். தொழில்முனைவோர் பெரிய இயந்திரத்தை ஒத்திவைத்து, கையால் பொட்டலமிட்ட சில நூறு பைகளை இரயில் நிலையக் கடைகளிலும் மாணவர் விடுதிகளிலும் விற்றுப் பார்க்கலாம். மீண்டும் வாங்க வருவோரின் கணக்கை எடுத்துக்கொண்டு அதன்பின் வங்கிக்கு வரலாம். அப்போது திட்ட அறிக்கையின் ‘சந்தை வாய்ப்பு’ப் பகுதியிலும் சான்றுடன் கூடிய பக்கங்கள் இருக்கும், அவர் கோரும் கடன் தொகையும் அவர் தாங்கக்கூடிய அளவில் இருக்கும்.