கிட் லென்ஸுக்குக் குறை வெளிச்சம் மட்டும்தான்

மிர்ரர்லெஸ் கேமரா வாங்கும்போது அதோடு சேர்ந்தே வருகிற சின்ன ஜூம் லென்ஸைத்தான் கிட் லென்ஸ் என்கிறோம். சோனியிலும் நிக்கானிலும் 16-50 மி.மீ., கேனானில் 18-45, ஃபியூஜிஃபிலிமில் 15-45. "இப்போதைக்கு இது போதும் சார், அப்புறமா நல்ல லென்ஸ் போட்டுக்கலாம்" என்று சொல்லித்தான் பல கடைகளில் அதைக் கையில் கொடுக்கிறார்கள். அந்தச் சொல் மனதில் தங்கிவிடுகிறது. படம் கலங்கினாலும் லென்ஸ் மேல் பழி, முகம் இருட்டடித்தாலும் லென்ஸ் மேல் பழி. கொஞ்ச நாளில் அதை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த லென்ஸுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். புனேக்கு வேலைக்கு வந்து, சேமித்த காசில் முதல் கேமரா வாங்கிய நம் பிள்ளைகள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லென்ஸின் முகப்பில் 3.5-5.6 என்பதுபோல் எழுதியிருக்கும். அதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஜூம் செய்யாமல் 16 மி.மீ.யில் வைத்திருக்கும்போது அப்பர்ச்சரை எஃப் 3.5 வரை திறக்கலாம். 50 மி.மீ.க்கு இழுத்துவிட்டால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. அதாவது உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய 40 சதவீதமாகக் குறைந்துவிடும். 6.3 என்று முடியும் லென்ஸ்களில் இன்னும் குறைவு. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை இதன் பக்கத்தில் வைத்தால், அது கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். விலை கூடிய லென்ஸுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். கூர்மையில் அவ்வளவு இடைவெளி கிடையாது. நல்ல வெயிலில் எஃப் 8ல் வைத்து எடுத்த படத்தை ஏ4 அளவில் அச்சிட்டுக் காட்டினால், எந்த லென்ஸ் என்று சொல்வது அனுபவப்பட்டவர்களுக்கே சிரமம். ஆகவே கிட் லென்ஸோடு பழகுவது என்றால் வெளிச்சத்தோடு பழகுவது என்றே அர்த்தம்.

புனேயின் வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு. ஊர் தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோட்டைகளும் பழைய கோயில்களும் கருங்கல்லால், எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் கல்லால் ஆனவை. கேமராவின் மீட்டருக்குக் கல் கறுப்பா, வேட்டி வெள்ளையா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கருங்கல் சுவரைக் காட்டினால் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும். கல் வெளிறிப்போகும், மேலே வானம் வெறும் வெள்ளையாகிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற பொத்தானை மைனஸ் 0.7க்குத் தள்ளுங்கள். கல்லுக்குக் கறுப்பும் வானத்துக்கு நீலமும் திரும்பிவரும்.

ஆஷாட ஏகாதசிக்கு முன்பு ஞானேஸ்வர், துக்காராம் ஆகிய மகான்களின் பல்லக்குகள் புனேக்கு வந்து தங்கிச் செல்லும்போது இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். தெரு முழுக்க வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பி அணிந்த வார்க்கரி பக்தர்கள். கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து மிரண்டு எல்லாவற்றையும் மங்கலாக்கும், கறுத்த முகங்கள் இன்னும் கறுக்கும். இங்கே பிளஸ் 0.7 வேண்டும். அந்தச் சமயத்தில் வானம் மூடியிருப்பது இந்த லென்ஸுக்குப் பெரிய வரம். மேகம் வெயிலை வடிகட்டி எல்லாப் பக்கமும் பரப்பிவிடும். முகத்தில் கடும் நிழல் விழாது. சுருக்கங்களும் நெற்றிச் சந்தனமும் தெளிவாகத் தெரியும். ஜூன், ஜூலையின் மேகமூட்டப் பகல்தான் புனேயில் முகங்களைப் படமெடுக்க மிகச் சிறந்த நேரம் என்பது என் திடமான எண்ணம்.

வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் லென்ஸைப் பற்றிய குறை பாதி போய்விடும். சனிவார்வாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பாஜிராவ் 1730ல் அடிக்கல் நாட்டி 1732ல் குடிபுகுந்த கோட்டை. அதன் பிரதான வாசலான தில்லி தர்வாசா பெயருக்கேற்ப வடக்கே பார்த்து நிற்கிறது. டிசம்பரில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கிலேயே இருக்கும். வாசல் நிழலில், அதன் பின்னால் பளீரென்று வானம். எந்த லென்ஸில் எடுத்தாலும் ஒன்று வாசல் இருளும், இல்லையென்றால் வானம் வெளுக்கும். மே மாதப் பின்பாதியில் போங்கள். அப்போது சூரியன் புனேக்கு உச்சியையும் கடந்து வடபக்கம் வந்திருக்கும். காலை எட்டு மணி வெயில் கிழக்கிலிருந்து சாய்வாகச் சுவரை உரசிக்கொண்டு வரும்போது, கொத்தளத்தின் ஒவ்வொரு கல் இணைப்பும் தனித்தனி நிழலோடு எழுந்து நிற்கும். குளிர்காலத்தில்தான் போக முடியும் என்றால் முழு வாசலை விட்டுவிடுங்கள். யானைகள் முட்டாமலிருக்கக் கதவில் வரிசையாக அறைந்திருக்கும் இரும்பு முட்களுக்கு அருகே போய் 50 மி.மீ.யில் எடுங்கள். வானமே படத்துக்குள் வராது, நிழலின் மென்மையான வெளிச்சமே அந்த இரும்புக்குப் போதும்.

இந்த வாசலை 16 மி.மீ.யில் அண்ணாந்து எடுத்தால் கொத்தளங்கள் இரண்டும் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சாயும். பின்னால் நடந்து வந்து, 24 மி.மீ.யில், கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தால் கோடுகள் நேராக நிற்கும். லென்ஸ் கரெக்‌ஷன் என்ற அமைப்பையும் அணைக்காதீர்கள். சோனியின் முதல் 16-50 வெறும் 116 கிராம்தான். இவ்வளவு சிறிய லென்ஸ்களில் கோடுகளின் வளைவைக் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்தான் நிமிர்த்திக் கொடுக்கிறது. ரா கோப்பாக எடுப்பவர்கள் கணினியிலும் அந்த லென்ஸுக்குரிய திருத்தத்தைப் போட வேண்டும்.

இனி இருட்டுக்கு வருவோம். ஜங்லி மஹராஜ் சாலையில், வண்டிகள் பறக்கும் தெருவை ஒட்டி, பாதாளேஸ்வர் குடைவரைக் கோயில் இருக்கிறது. ராஷ்டிரகூடர் காலம், 8ஆம் நூற்றாண்டு என்று சொல்கிறார்கள். முற்றத்தில் வட்ட வடிவில் ஒரு நந்தி மண்டபம், உள்ளே கனத்த தூண்கள். வெளியே கண்ணைக் கூசும் வெயில், நாலடி உள்ளே போனால் இருள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். ஆகவே கைதான் கதி. ஜூமை இழுக்காதீர்கள், 16லேயே இருங்கள், எஃப் 3.5 முழுவதும் திறந்திருக்கட்டும். தூணில் தோளைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டபடி மெதுவாகப் பொத்தானை அழுத்துங்கள். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு துணைக்கு வரும். நொடியில் பத்தில் ஒரு பங்கு ஷட்டரில்கூடக் கல் தெளிவாக விழும். இரண்டு மூன்று படம் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்றாவது தேறும்.

ஆனால் அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், எதிரே நடப்பவரை நிறுத்தாது. பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/125, நடப்பவருக்கு 1/250, ஓடுகிற குழந்தைக்கு 1/500 வேண்டும். அதற்கு வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். இதில்தான் பலரும் தயங்குகிறார்கள். புள்ளி புள்ளியாக வரும் என்று பயந்து ஐஎஸ்ஓவை 400ல் பூட்டிவிட்டுக் கலங்கிய படத்தோடு வீடு திரும்புகிறார்கள். இன்றைய சென்சார்களில் 3200 வரை கவலையில்லை, 6400ம் பாதகமில்லை. புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். கலங்கிய முகத்தை யாராலும் மீட்க முடியாது. ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டு, மேல் எல்லை 6400, குறைந்தபட்ச ஷட்டர் 1/125 என்று ஒரு தடவை அமைத்துவிட்டால் போதும்.

வீட்டுக்குள் முகம் எடுக்கும்போது ஜன்னலை நம்புங்கள். மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்த பாலு மகேந்திரா, இயற்கை வெளிச்சத்தைத் தமிழ் சினிமாவில் தன் கையெழுத்தாகவே ஆக்கிக்கொண்டவர். மூன்றாம் பிறையின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கினார். அந்தப் படத்தை லென்ஸ் கண்ணோடு மறுபடி பாருங்கள், முகங்களுக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டு. நம் வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: டியூப்லைட்டை அணையுங்கள், உட்காருபவரை ஜன்னலுக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் கொண்டுவாருங்கள், முகத்தை ஜன்னலை நோக்கிப் பாதி திருப்பச் சொல்லுங்கள்.

பின்னணி மங்கலாக வரவில்லை என்பதும் கிட் லென்ஸ் மேல் சொல்லப்படும் பெரிய புகார். எஃப் 5.6ல் மங்காது என்பது சரியான பேச்சு இல்லை. 50 மி.மீ.க்கு இழுத்து, ஒரு மீட்டரில் நிற்பவரை எஃப் 5.6ல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் 9 செ.மீ.தான். மூக்கும் கண்ணும் தெளிவு, பின்னால் அஞ்சாறு மீட்டரில் உள்ள சுவர் கரைந்துவிடும். அதே ஆளை 16 மி.மீ.யில் அதே தூரத்திலிருந்து எடுத்தால், எஃப் 3.5ல் கூடத் தெளிவின் ஆழம் சுமார் 60 செ.மீ. ஆகும், சுவரும் ஓரளவு தெரியும். ஆகவே ஜூமை முழுக்க இழுங்கள், ஆளிடம் நெருங்குங்கள், ஆளைச் சுவரிலிருந்து முன்னே வரச் சொல்லுங்கள். சோனி 16-50, 50 மி.மீ.யில் 30 செ.மீ. வரை கிட்டே குவியும். மகாத்மா ஃபுலே மண்டை காய்கறிச் சந்தையில் காலையில் போய், எட்டு மூலைக் கட்டடத்தின் ஓரத்து வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் வியாபாரியிடம் கேட்டுக்கொண்டு, அவர் தண்ணீர் தெளித்து வைத்திருக்கும் மேத்திக் கீரைக் கட்டை அந்தத் தூரத்தில் எடுத்துப் பாருங்கள். தெளிவு ஒரு செ.மீ.க்கும் குறைவு. ஒரு இலையின் விளிம்பில் நீர்த்துளி நிற்கும், அதற்குப் பின்னால் சந்தை முழுவதும் வெறும் நிறங்களாகிவிடும்.

அனந்த சதுர்த்தசி அன்று விநாயகர் கரைப்பு ஊர்வலம் அந்த மண்டை சந்தையில் தொடங்கி லக்ஷ்மி சாலை வழியாக விடிய விடிய, மறுநாள் வரைக்கும்கூடப் போகும். அந்த நெரிசலில் லென்ஸ் மாற்றுவது நடக்காத காரியம். சின்ன ஜூம்தான் அங்கே சௌகரியம். பகலில் டோல் மேளம் அடிப்பவர்களுக்கு நடுவே நிற்க இடம் கிடைத்தால் 16 மி.மீ., எஃப் 8, இரண்டு மீட்டரில் ஃபோகஸ். ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும், ஃபோகஸைத் தேடி லென்ஸ் தடுமாறாது. முகங்களை மட்டும் ஓரத்தில் வைக்காதீர்கள், 16ல் ஓரத்து முகம் இழுபட்டுக் கோணலாகும்.

இரவில் பந்தல் விளக்குகள் வேறொரு தொல்லை தரும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகளாக விழும். ஷட்டரை 1/100 அல்லது 1/50ல் வையுங்கள், எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். 1/100ல் டோல் கோல் லேசாக விசிறி தெரியும், முகம் நிற்கும். எனக்கு அப்படித்தான் பிடிக்கும். லென்ஸ் முன்னால் மலிவான யுவி ஃபில்டர் இருந்தால் இரவில் கழற்றிவிடுங்கள், சீரியல் விளக்கு ஒவ்வொன்றுக்கும் அது ஒரு போலி பிம்பம் உண்டாக்கும்.

குலால் பொடி பறக்கும் இடத்தில் ஜாக்கிரதை. இந்த லென்ஸ்கள் குழல் போல நீண்டு உள்வாங்குபவை, பொடியை உள்ளே இழுத்துக்கொள்ளும். தெளிவான பாலிதீன் பை ஒன்றை மாட்டி, முகப்பைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் ஊர்வலம் முழுக்கத் தாங்கும். மழைக்கும் அதுவே குடை. பொதுவாகக் கிட் லென்ஸ்களுக்கு நீர்க்காப்பு கிடையாது. மழைக்கால சிம்ஹகட்டில் மேகம் காலடியில் வந்து போகும். அழகுதான், ஆனால் ஏசி காரிலிருந்து இறங்கிய உடனே பையைத் திறந்தால் கண்ணாடி பனித்துவிடும். கால் மணி நேரம் பொறுத்துத் திறக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். நாலு மாத ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்யும் கூலி லென்ஸ் விலையை எட்டிவிடும்.

ஒரு வருடம் இப்படி எடுத்த பிறகு, உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் பிரித்து, ஒவ்வொன்றின் தகவலையும் பாருங்கள். எந்த மி.மீ., எந்த ஐஎஸ்ஓ என்று அதிலேயே பதிவாகியிருக்கும். பெரும்பாலும் 35க்குப் பக்கத்தில், ஐஎஸ்ஓ 6400 என்று இருந்தால் ஒரு 35 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள். எல்லாம் 50ல் முட்டி நின்று, அதையும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தால் உங்களுக்கு வேண்டியது பாஷாண் ஏரிப் பறவைகளுக்கு உதவும் ஒரு டெலிஜூம். பழையது வாங்குவதாக இருந்தால், போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் நூல் நூலாக ஏதாவது தெரிந்தால் அந்த லென்ஸ் வேண்டாம்.